அக்கரைக் குடித்தனம்: ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்

“ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பது அதன் தாத்பரியம். அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்துக்குப் போனால், இந்தப் பழமொழியின் முதல் பாதிக்கு உட்பொருள் எதுவும் தேட வேண்டாம். கண்ணெதிரிலேயே நடக்கிறது! பனிக்காலம் முடிந்து மே மாதம் பிறந்தால் போதும்; சனிக்கிழமை காலையில் காருக்குப் பின்னால் ஒரு டிரெயிலர், அதன்மேல் ஒரு படகு, காருக்குள்ளே அப்பா, அம்மா, குழந்தைகள், சாப்பாட்டுக் கூடை, நாய் என்று குடும்பம் குடும்பமாக ஏரியை நோக்கிப் புறப்பட்டு விடுகிறார்கள். அந்த ராஜ்யத்தில் 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று கணக்கு. வேறு எங்கேதான் போவார்கள்?

பழமொழி சொல்லாமல் விட்ட மூன்றாவது சங்கதி ஒன்று உண்டு. வண்டியில் ஏறி வந்த ஓடம் தண்ணீரில் இறங்கும்போது, சில சமயம் வண்டியும் அதன் பின்னாலேயே இறங்கிவிடும்! அந்த விபரீதத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

“ஏரியும் படகும் நமக்கு எதற்கம்மா?” என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மின்னியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் மகளோ மருமகளோ அங்கே இருக்கலாம். நீங்களே கோடை விடுமுறைக்குப் பேரக் குழந்தைகளைப் பார்க்கப் போகலாம். அண்டை வீட்டுக்காரர் அன்போடு, “வாருங்கள், ஏரிக்குப் போகலாம்” என்று கூப்பிடுவார். அப்போது கரையில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஐஸ்கிரீமும் ஒரு மனைவியும்

படகுக்குப் பின்புறம் மாட்டும் மோட்டார் பிரபலமானதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. நார்வேயில் பிறந்து, விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். ஏரிக்கரை உல்லாசம் ஒன்றில் பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் வேண்டும் என்று ஆசைப்பட, அவர் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிக் கூழாகிவிட்டதாம். “துடுப்புக்குப் பதில் ஓர் இயந்திரம் இருந்தால்?” என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது என்பார்கள். 1909-ல் அவர் செய்த மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தி கொண்டது. அவருடைய மனைவியாகிவிட்ட பெஸ்தான் கணக்கு வழக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்துக்கொண்டார். “துடுப்பைத் தூக்கி எறியுங்கள்” என்ற பொருளில் விளம்பரம் எழுதி, வியாபாரத்தைப் பெருக்கியவரும் அவரே.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு கார்கள் பெருகின. கண்ணாடி நாரினால் செய்த லேசான படகுகளும் வந்தன. ஏரிக்கரையில் வீடு இல்லாதவர்களும் படகு வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு, வேண்டும்போது இழுத்துப் போகலாம் என்று ஆயிற்று. அப்படி இழுத்து வருகிறவர்கள் படகைத் தண்ணீரில் இறக்குவதற்காக ஏரிகள்தோறும் சிமெண்டுச் சரிவு போட்டிருக்கிறார்கள். 100 அடிக்கு 12 முதல் 15 அடி வரை இறங்கும்படி அதைக் கட்டுவது வழக்கம். காரைப் பின்னோக்கி ஓட்டி, டிரெயிலரைத் தண்ணீருக்குள் விட்டால் படகு மிதந்துவிடும். சொல்லும்போது ஒரே வரி. செய்யும்போது நூறு வில்லங்கம்!

இடம் என்றால் வலம்

முதல் வில்லங்கம், பின்னோக்கி ஓட்டுவது. டிரெயிலர் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி. இந்தப் பக்கம் திரும்பு என்றால் அந்தப் பக்கம் திரும்பும். ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெயிலர் இடது பக்கம் போகும். இதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தின் அடிப்பாகத்தில் ஒரு கையை வைத்துக்கொள்ள வேண்டும். டிரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். டிரெயிலர் குட்டையாக இருந்தால் வெகு சீக்கிரம் திரும்பிவிடும். நீளமாக இருந்தால் சற்றே நிதானமாகத் திரும்பும். காரும் டிரெயிலரும் மடக்குக் கத்தி போல் மடங்க ஆரம்பித்தால், மேலும் திருகிச் சரி செய்யப் பார்க்கக் கூடாது. காரை முன்னால் எடுத்து, நேராக்கிக்கொண்டு, மறுபடியும் பின்னால் வர வேண்டும். பத்துத் தடவையானாலும் அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் வெட்கம் வருகிறது, அங்கேதான் சங்கடம். பின்னால் பத்துக் கார்கள் வரிசையில் நிற்கின்றன. இந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் செல்போன் வேறு. எப்போது தவறு நடக்கும், படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் முகம் சிவக்கிறது, கரையில் நிற்கும் மனைவி “இடது! இல்லை, வலது!” என்று கத்துகிறாள், “யாருக்கு இடது?” என்று அவர் திருப்பிக் கத்துகிறார். நடக்கும் விபத்துக்களில் பெரும்பாலானவற்றுக்கு வித்து இந்த அவசரமும் ரோஷமும்தான்.

ஆகையால் வரிசையில் சேர்வதற்கு முன்பே, சமதரையில் ஒரு பக்கமாக நிறுத்திக்கொண்டு ஆயத்தங்களையெல்லாம் முடித்துவிட வேண்டும். சாமான்களைப் படகில் ஏற்றுவது, பின்பக்கத்து வார்களை அவிழ்ப்பது, மோட்டார் தரையில் இடிக்காதபடி தூக்கி வைப்பது, விளக்குக் கம்பியைக் கழற்றுவது எல்லாம் அங்கேதான். பழைய மாதிரி பல்புகள் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரில் முழுகினால் வெடித்துவிடும். நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரமும் சூடாக இருக்கும். சுடச்சுடத் தண்ணீரில் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் தேய்ந்து, திரும்பி வரும் வழியில் நடுரோட்டில் சக்கரம் மடக்கிவிடும். ஆயத்தம் செய்யும் அந்த நேரத்தில் சக்கரமும் ஆறிவிடுகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

தக்கை செய்யும் தொல்லை

படகின் பின்புறம் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. கரையேறியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதற்கு ஒரு தக்கை. அதைப் போட மறந்து படகை இறக்கிவிடுகிறவர்கள் ஏராளம். மின்னஸோட்டாவில் இந்த மறதிக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ரோட்டில் படகை இழுத்துப் போகும்போது தக்கையைக் கழற்றியே வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஏன் இப்படி ஒரு சட்டம்? ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களின் அடிநீரோடு, வரிக்குதிரைச் சிப்பி என்ற ஒரு சின்னச் சிப்பி அமெரிக்க ஏரிகளுக்குள் புகுந்துவிட்டது. 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. படகில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் ஒளிந்து ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போய், குழாய்களை அடைத்து, மற்ற ஜீவன்களின் உணவையும் அழித்துவிடும். அதனால் ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகைக் கழுவி, தண்ணீரை வடித்து, உலர்த்திக்கொண்டு போக வேண்டும் என்கிறார்கள்.

தக்கையை மறந்துவிட்டால் பதற வேண்டாம். படகு உடனே முழுகிவிடாது. டிரெயிலர் இன்னும் தண்ணீரில் இருந்தால், படகை அதன்மேல் ஏற்றி மேலே இழுத்துவிட்டால் வந்த வழியே தண்ணீர் வடிந்துவிடும். டிரெயிலர் போய்விட்டால், படகிலுள்ள பம்பைப் போட்டுவிட்டு, ஆழமில்லாத கரையோரத்துக்குக் கொண்டுபோய்த் தக்கையை அடைக்க வேண்டும். தக்கையைக் கார்ச் சாவியோடு கோத்து வைத்துக்கொள்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

படகு சிமெண்டில் விழுந்தால்

படகின் மூக்கை ஒரு வாரினால் டிரெயிலரின் கைச்சக்கரத்தோடு கட்டியிருப்பார்கள். கூடவே ஒரு சங்கிலியும் இருக்கும். சரிவின் உச்சியிலேயே இவற்றை அவிழ்த்துவிட்டால், உருளைகள் வைத்த டிரெயிலரிலிருந்து படகு வழுக்கிக்கொண்டு தடாலென்று சிமெண்டில் விழும். ஆகையால் படகின் பின்பாகம் தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும்வரை வாரும் சங்கிலியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

விழுந்தே விட்டால்? “ஐயோ, படகு!” என்று ஓடாமல், யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். காரினால் தரதரவென்று இழுக்கக் கூடாது. படகில் பாதி டிரெயிலரிலேயே இருந்தால், வாரை மறுபடி மாட்டி, டிரெயிலரை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினால் தண்ணீரே படகைத் தூக்கிக் கொடுக்கும். முழுவதும் தரையில் கிடந்தால் இழுவை வண்டிக்காரரைக் கூப்பிடுவதே உத்தமம். அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் அன்றைக்கே சவாரி போகக் கூடாது.

கைச்சக்கரத்திடம் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். பாரம் இழுக்கும்போது அதன் பல் விடுபட்டால், கைப்பிடி விர்ரென்று சுழன்று கை எலும்பை முறித்துவிடும். சுழலும் கைப்பிடியைத் தாவிப் பிடிக்கப் போகவே கூடாது. படகு போனால் போகட்டும், கையை விலக்கிக்கொள்ளுங்கள்.

பாசியும் பள்ளமும்

நம் ஊர்க் குளத்தில் கடைசிப் படியில் கால் வைத்து வழுக்கி விழுந்தவர்களுக்குப் பாசியின் குணம் தெரியும். இந்தச் சரிவிலும் தண்ணீர் தொடும் இடத்தில் அதே பாசிதான். காரின் பின்சக்கரம் அதில் ஏறிவிட்டால் சுற்றுமே தவிர நகராது. வேகமாக மிதித்தால் இன்னும் வழுக்கும். அப்போது முதல் காரியமாகப் படகை மிதக்கவிட்டுப் பாரத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால், மேலே காய்ந்த தரையில் இன்னொரு காரை நிறுத்தி, பலமான வாரினால் இழுக்கச் சொல்லலாம். வாரை வண்டியின் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெயிலர் பூட்டும் இரும்புக் குண்டில் மாட்டினால், அது முறிந்து பீரங்கிக் குண்டு போல் பறந்து வரும். இழுக்கும்போது வாரின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் எல்லோரும் விலகி நிற்க வேண்டும்.

சிலர் படகை மோட்டார் பலத்திலேயே டிரெயிலர்மேல் ஏற்றுவார்கள். மோட்டார் விசிறி கிளப்பும் நீரோட்டம், சிமெண்டு முடியும் இடத்திலுள்ள மண்ணை அரித்துக் குழி பறித்துவிடும். அடுத்து வருகிறவருடைய டிரெயிலர்ச் சக்கரம் அந்தக் குழியில் இறங்கிக்கொள்ளும். அதை வெடுக்கென்று இழுத்தால் அச்சு வளைந்துவிடும். படகை இறக்கி லேசாக்கிக்கொண்டு மெதுவாக முயல வேண்டும். வராவிட்டால் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும்.

முட்டுக்கட்டைக்காரர் எங்கே?

தேரோட்டம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வடம் பிடிக்க நூற்றுக்கணக்கானவர் இருந்தாலும், தேரை நிறுத்துகிறவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான். சரிவில் நிற்கும் காருக்கும் அதே முட்டுக்கட்டை வேண்டும். ஓட்டுகிறவர் காலால் பிரேக்கை மிதித்தபடியே கைப் பிரேக்கையும் போட்டு, பிறகு கியரைப் ‘பார்க்’கில் வைக்க வேண்டும். அதன்பின் ஒருவர் பக்கவாட்டில் வந்து காரின் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை வைக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகே ஓட்டுகிறவர் காரை விட்டு இறங்கலாம். அவசரத்தில் கியரை மாற்றி வைத்துவிட்டு இறங்கினவர்களின் கார்கள்தான் ஏரிக்குள் நீந்தப் போகின்றன.

காலியான கார் உருள ஆரம்பித்தால் அதைத் துரத்த வேண்டாம். பின்னால் போய் முட்டுக் கொடுக்கவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான பவுண்டு எடையை எந்தப் பீமனாலும் தாங்க முடியாது. தாவி உள்ளே ஏறப் பார்ப்பதும் ஆபத்து. கார் போனால் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது.

காருக்குள் ஆள் இருந்தால் கதை வேறு. கனடாவில் மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த கோர்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற பேராசிரியர், கார்களைத் தண்ணீரில் இறக்கி இதை ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்லும் வரிசை இது: முதலில் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, குழந்தைகளை முன்னே அனுப்பி, நீயும் வெளியேறு. கிடைப்பது ஏறக்குறைய ஒரே நிமிஷம். கார் மிதக்கும் அந்தச் சமயத்தில் மின்சார ஜன்னல் வேலை செய்யும். நீர் ஜன்னல்வரை ஏறிவிட்டால் அழுத்தத்தினால் கண்ணாடி இறங்காது. கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் தண்ணீர் புகுந்து கார் உடனே அமிழ்ந்துவிடும். போன் பண்ணுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

இதனால்தான் சரிவில் இறங்கும் அந்தச் சில கஜ தூரத்துக்கு ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் காரில் இருக்கக் கூடாது என்கிறார்கள். அவரும் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. “குழந்தை தூங்குகிறது, காரிலேயே இருக்கட்டும்” என்ற பேச்சே கூடாது. டிரெயிலர்மேல் உள்ள படகிலும் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. அங்கே 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஓடும் படகில் மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கார் நிற்கும் இடத்திலேயே போட்டுவிடுங்கள். மே மாதத்து ஏரித் தண்ணீர் பனிக்கட்டி உருகின ஜில்லிப்போடு இருக்கும்; நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு முட்டும்.

‘நில்’ என்று சொல்லும் அதிகாரம்

இத்தனையும் சொன்ன பிறகு, சகோதரிகளுக்கென்று ஒரு விஷயம். இந்தப் படகுக் காரியத்தில் ஓட்டுகிறவர் கணவராகவும், கரையில் கயிற்றோடு நிற்கிறவள் மனைவியாகவும் இருப்பது பல குடும்பங்களில் வழக்கம். மாறியும் இருக்கலாம், ஓட்டுவதில் பெண்கள் குறைந்தவர்கள் அல்ல. யார் ஓட்டினாலும், டிரெயிலருக்குப் பின்னால் நடப்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது; கரையில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு குழந்தை பந்தை எடுக்க ஓடி வருவதும் சரி, யாரோ ஒருவர் குனிந்து நிற்பதும் சரி.

ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கத்தல் கூடாது, கை ஜாடைதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக, நில் என்று நான்கே ஜாடைகள் போதும். இரண்டு கையையும் உயர்த்தினால் ‘நில்’. அந்த ஜாடையைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும், “ஏன், என்ன?” என்ற கேள்வியெல்லாம் நின்ற பிறகு. கரையில் நிற்கிறவர் கண்ணாடியில் தெரியாமல் போனாலும் உடனே நிறுத்த வேண்டும். பத்துத் தடவை வீணாக நிறுத்தினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று கணவரிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதினோராவது தடவை அது ஓர் உயிராக இருக்கலாம்.

கரையில் கூச்சத்தினால் பேசாமல் நிற்பதுதான் பெரிய அபாயம். “அவருக்குத் தெரியாததா?” என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியாது.

குறித்து வைத்துக்கொள்ள

காரில் ஒட்டிவைக்கும்படி ஒரு சிறு ஜாபிதா:

1. தக்கை போட்டாயிற்றா?
2. பின்பக்கத்து வார்களை அவிழ்த்தாயிற்றா? மூக்கு வார் கட்டியே இருக்கிறதா?
3. மோட்டார் தூக்கி இருக்கிறதா? விளக்குக் கம்பி கழற்றியாயிற்றா?
4. காரில் ஓட்டுகிறவர் மட்டும்தானா? ஜன்னல் திறந்திருக்கிறதா?
5. குழந்தைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டிருக்கிறாரா? (இந்த ஒரு வேலையைத் தவிர அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.)
6. கைப் பிரேக், ‘பார்க்’, முட்டுக்கட்டை மூன்றும் ஆயிற்றா?
7. ‘நில்’ ஜாடை இருவருக்கும் ஞாபகம் இருக்கிறதா?

ஏழுக்கும் ‘ஆயிற்று’ என்று பதில் வந்த பிறகு படகை இறக்குங்கள். வரிசையில் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஏரி எங்கேயும் ஓடிப் போய்விடாது.